பலூனிலிருந்து பார்த்த மாரா, செரெங்கெட்டி: அனுபவப் பகிர்வு

நைரோபியிலிருந்து ஓர் உறுப்பினர்:

கென்யாவின் மசாய் மாரா காட்டுயிர்க் காப்பகத்தில் பலூன் ஏறினால் சிங்கத்தைப் பக்கத்தில் பார்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பக்கத்தில் பார்க்க சஃபாரி வண்டிதான் சரி. பலூனில் கிடைப்பது வேறு. ஒரு மிருகம் எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, மற்ற மிருகங்கள் அதைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதெல்லாம் மேலிருந்து பார்க்கும்போது ஒரே பார்வையில் புரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணவரின் வேலைக்காக நைரோபியில் இருக்கிறோம். நாரோக் வழியாகச் சாலையில் மாராவுக்குப் பல தடவை போயிருந்தும், பலூனில் ஏறியது போன ஆகஸ்டில்தான். நான்கு மணிக்கே எழுப்பிவிட்டார்கள். தாலெக் ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, புல் வெட்டிய ஒரு திடலில் பலூன் துணி முழுவதையும் தரையில் விரித்து வைத்திருந்தார்கள். மாரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடாதீர்கள், விடியற்காலையில் பல் கிட்டும்.

பைலட் முதலில் விளக்கு கட்டிய ஒரு சின்ன ஹீலியம் பலூனை இருட்டில் விட்டுவிட்டு, அது போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பலூனுக்குச் சுக்கான் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். ஆனால் உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறும். வேண்டிய பக்கம் போகும் காற்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் அவர் வேலை. பலூனுக்குள் காற்றைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பான பர்னரைத் திறந்தால் உடனே ஏறிவிடாது, சில நொடிகள் கழித்துத்தான் ஏறும். ஆகவே எதையும் முன்கூட்டியே செய்தாக வேண்டும். விடியற்காலையில் பறப்பதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த காற்றில் தூக்கும் சக்தி அதிகம், தரை சூடாகிச் சுழல்காற்று கிளம்புவதற்குள் இறங்கியும் விடலாம்.

பெரிய விசிறியால் துணிக்குள் காற்றை நிரப்பிவிட்டு, அப்புறம் பர்னரைப் பற்றவைத்தார்கள். கூடை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நாங்கள் அதற்குள் மல்லாந்து, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டோம். துணி எழும்ப எழும்ப எங்கள் கூடையும் நிமிர்ந்தது. ஏறியதே தெரியவில்லை. காற்றோடு சேர்ந்தே நாமும் போவதால் முகத்தில் காற்றுப் படுவதில்லை. பர்னரை அணைத்ததும் கீழே நடப்பதெல்லாம் காதில் விழுந்தது. மாடு போன்ற உடல்வாகுள்ள பெரிய மான்களான வில்டபீஸ்டுகளின் முக்கல், வரிக்குதிரைகள் குரைப்பது போல எழுப்பும் குரல், அந்த மந்தை புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. வண்டியில் போகும்போது இன்ஜினை நிறுத்தினாலும் இவ்வளவு கேட்டதில்லை.

சூரியன் வந்தது ஆறரை மணி வாக்கில். அதன்பின் பார்த்ததில் மூன்றைச் சொல்ல வேண்டும்.

மாரா ஆற்றை நெருங்கும்போது, எண்ணெய் தடவி வகிடு எடுத்தது போல் புல்வெளியில் கோடுகள் தெரிந்தன. எல்லாம் ஆற்றங்கரையில் போய் முடிந்தன. நீர்யானைகள் இரவில் கரையேறி மேயப் போகும் தடங்கள் அவை. ஒரு நீர்யானை ஒரே இரவில் ஏறக்குறைய 40 கிலோ புல் தின்னும். அன்று ஒன்று மட்டும் தாமதமாக, தன் தடத்தை விட்டு ஓரடிகூட விலகாமல் ஓடி ஆற்றில் இறங்கியது. அதே கரையில் சரிந்து மழமழவென்று இருந்த இடங்கள் வில்டபீஸ்டுகள் கடக்கும் துறைகள் என்று பைலட் காட்டினார். துறைக்குக் கீழே மணல்திட்டில் முதலைகள் கிடந்தன. ஆற்றைக் கடக்கும் காட்சியை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். அந்த ஆறும் துறையும் முதலையும் எந்த ஏற்பாட்டில் அமைந்திருக்கின்றன என்பதை நான் மேலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

அடுத்தது மந்தைக்குள் ஒரு வெற்றிடம். ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்டுகள் மேய்ந்துகொண்டிருந்த இடத்தில், நடுவே ஒரு வட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. ஓரத்தில் நின்ற மிருகங்களெல்லாம் தலையை உள்பக்கம் திருப்பி நின்றன. பக்கத்தில் கரையான் புற்றின் மேல் ஒரு டோபி மான், அதுவும் அதே பக்கம் பார்த்தபடி. நேர் மேலே வந்த பிறகுதான் தெரிந்தது, புல்லுக்குள் இரண்டு பெண் சிங்கங்கள் படுத்திருந்தன. வேட்டையாடும் மூடில்கூட இல்லை, தூங்கிக்கொண்டிருந்தன என்றே சொல்லலாம். கொஞ்ச தூரத்தில் மூன்று வண்டிகள் எதையோ தேடித் திரிந்தன. அங்கிருந்து பார்த்தால் புல்லும் மந்தையும்தான் தெரிந்திருக்கும்.

மூன்றாவது கொஞ்சம் வருத்தமானது. உயரே போனபோது தாலெக் ஆற்றுக்கு வடக்கே, காப்பகத்துக்கு வெளியே இருக்கும் நிலம் தெரிந்தது. மசாய் குடும்பங்களின் வட்டமான முள்வேலிக் குடியிருப்புகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு அப்பால் நேர்க்கோடாகக் கம்பிவேலிகள். மாரா காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர்தான். மிருகங்களுக்கு அது போதாது, சுற்றியுள்ள மேய்ச்சல் நிலமும் வேண்டும். நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற இடங்களில் மசாய் நில உரிமையாளர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுத்து நிலத்தை வேலியில்லாமல் காக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கம்பிகளைப் பார்த்த பிறகு எனக்கு உறைத்தது. காப்பகத்துக்குள்ளும் வண்டித் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் புல்லைக் கிழித்துப் போட்டிருக்கின்றன. நாங்கள் போன வண்டியின் தடமும் அதில் இருக்கும்.

இறங்கிய இடத்திலேயே காலை உணவு. பாரிஸில் 1783-இல் மனிதர்கள் முதன்முதலாகப் பலூனில் பறந்த காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று சொல்லி ஷாம்பெயின் ஊற்றினார்கள், மகளுக்குப் பழச்சாறு. மாராவில் இந்தப் பலூன் சஃபாரியைத் தொடங்கியவர் காட்டுயிர்ப் படமெடுத்த ஆலன் ரூட். 1974-இல் மனைவி ஜோனுடன் பலூனில் கிளிமஞ்சாரோவையே கடந்தவர். படம் எடுக்க மேலே போனவர், 1976-இல் மற்றவர்களையும் அழைத்துப் போக ஆரம்பித்தார்.

நீங்களும் எழுதுங்கள். முக்கியமாக, எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் செரெங்கெட்டியில் பறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தாரெஸ்ஸலாமிலிருந்து ஓர் உறுப்பினர்:

இருக்கிறேன் அக்கா. நான் போனது பிப்ரவரியில், தெற்கே நுட்டு பக்கம். நீங்கள் பார்த்த அதே வில்டபீஸ்டுகளின் கதைக்கு இது இன்னொரு பாதி.

மந்தைகள் அந்த நேரத்தில் மாராவில் இருக்காது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகள் தெற்கே குட்டைப்புல் வெளியில் கன்று போட வந்திருக்கும். கன்றுகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வார இடைவெளியில் பிறந்துவிடும். எத்தனை சிங்கம், எத்தனை கழுதைப்புலி இருந்தாலும் அத்தனையையும் தின்று தீர்க்க முடியாது, அதுதான் அவற்றின் பாதுகாப்பு.

ஏன் குறிப்பாக அந்த இடம் என்பது எனக்கு மேலே போன பிறகுதான் பிடிபட்டது. நுட்டுவிலிருந்து கிழக்கே பார்த்தால் ங்கொரொங்கொரோ மலைகள். அந்தப் பக்கத்து எரிமலைகள் கக்கிய சாம்பல்தான் இந்த வெளி முழுக்கப் படிந்திருக்கிறது. சாம்பலுக்கு அடியில் கெட்டியான ஓர் அடுக்கு இருப்பதால் மரத்தின் வேர் இறங்காது, புல் மட்டும்தான் வளரும். அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் அதிகம், பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டும் வேண்டும். கண்ணுக்கெட்டிய வரை மரமே இல்லாத பச்சை, ஓடை ஓடும் இடத்தில் மட்டும் வரிசையாக வேல மரங்கள். மரமில்லாததால் தாய்க்கு நாலாபக்கமும் தெரியும், பதுங்கி வரும் மிருகத்துக்கு மறைவு கிடையாது. பள்ளியில் மண்வளம் என்று படித்தது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

ஒரு கன்று பிறந்ததையும் பார்த்தோம். பைலட் பர்னரைத் தொடவே இல்லை, தானாகத் தாழ்ந்துகொண்டே வந்தோம். கன்று எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. நாங்கள் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் தாயின் வயிற்றை ஒட்டி நடக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் கூடையில் பல நாட்டுக்காரர்கள் இருந்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டப் போய், மிருகம் மிரளும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அம்மாவை மாராவில் பலூன் ஏற்றிய அனுபவம் என்னுடையது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 66 வயது. ஏறுவதில் அவருக்குப் பயமே இல்லை. எனக்குத்தான் உள்ளூர உதறல், எகிப்தின் லக்சரில் 2013-இல் நடந்த பலூன் விபத்தைப் பற்றிப் படித்திருந்தேன். எரிவாயு கசிந்து தீப்பிடித்து 19 பேர் இறந்துபோனார்கள். அதனால் இரண்டு நிறுவனங்களிடம் கேள்வியாகக் கேட்டேன். ஒன்று மழுப்பியது. இன்னொன்று பைலட்டின் உரிமம், பலூனுக்கு எப்போது சோதனை நடந்தது, காற்று எவ்வளவு இருந்தால் பறக்காமல் விடுவார்கள் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னது. அவர்களோடு போனோம். கேட்கக் கூச்சப்படாதீர்கள், நல்ல பைலட்டுகள் அந்தக் கேள்விகளை விரும்பவே செய்கிறார்கள்.

முதல் நாள் காற்று அதிகம் என்று ரத்து செய்துவிட்டார்கள். அம்மா ஏமாந்துபோனார், எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் மரியாதை கூடியது. மறுநாள் பறந்தோம்.

கவனிக்க வேண்டியது இறங்கும் நேரம். பைலட் சொன்னதும் பயண திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூடை ஒருமுறை தட்டியது, மறுபடி தட்டியது, கொஞ்ச தூரம் இழுபட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தது. சில நாள் நேராகவே நிற்குமாம், எங்களுக்குச் சாய்ந்துவிட்டது. முழங்கால் வலி இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். கூடையின் சுவரில் இருக்கும் ஓட்டைகளில் கால் வைத்துத்தான் ஏறி இறங்க வேண்டும். அம்மா சல்வார் போட்டிருந்ததால் சமாளித்தார், சேலை சரிப்படாது. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏற்ற மாட்டார்கள்.

யானைக் கூட்டம் ஒன்று பலேனைட்டிஸ் என்ற முள்மரங்களுக்கு நடுவே போனது. தாய் யானை நின்றால் எல்லாம் நின்றன, நடந்தால் எல்லாம் நடந்தன, குட்டிகள் எப்போதும் உள்பக்கம்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மூத்தவ சொல்றத எல்லாம் கேக்குதுங்க பாரு" என்றார். ஊருக்கு வந்தும் எல்லோரிடமும் அந்த யானைகளைப் பற்றித்தான் பேசுகிறார்.

காட்டுயிர்ப் படமெடுக்கும் ஓர் உறுப்பினர்:

எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். நான் மாறுபட்ட ஒன்றைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கீழே வண்டியில் இருந்து யானைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு பலூன் வந்தது. தாழப் பறந்தபடியே பர்னரைத் திறந்தார்கள். யானைகள் காதை விரித்துத் தலையைத் தூக்கின, குட்டிகளை நடுவில் விட்டு நெருங்கி நின்றன, பிறகு வேகமாகப் புதருக்குள் போய்விட்டன. மேலே இருந்தவர்களுக்கு யானைக் கூட்டத்தை அருகில் பார்த்த மகிழ்ச்சி. அந்த யானைகளுக்கு மேய்ச்சல் போனது. வில்டபீஸ்ட் மந்தை மிரண்டு ஓடுவதைப் பார்த்து, என்ன வேகம் என்று ரசிப்பவர்களும் உண்டு. காரணம் பல நேரம் பர்னரின் சீறல்தான்.

பலூனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பறப்பவர்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு காப்பகத்துக்கும் போகிறது. ஆனால் சத்தம் குறைந்த இன்னொரு வகை பர்னரும் உண்டு. மாடுகள் மேயும் வயல்களுக்கு மேல் பறக்க அதைப் பயன்படுத்துவார்கள். எரிபொருளான புரொபேனை வாயுவாக மாற்றாமல் திரவமாகவே எரிப்பதால் சீறல் குறையும், சுடர் மஞ்சளாகத் தெரியும். மிருகங்களுக்கு மேல் தாழும்போது அதைப் பயன்படுத்துவீர்களா, யானை தெரிந்தால் உயரே போய்விடுவீர்களா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பலூனைத் துரத்தி வரும் வண்டிகள் எந்தத் தடத்தில் வரும் என்றும் கேட்க வேண்டும். பயணிகள் கேட்டால்தான் மாறும்.

நைரோபி உறுப்பினர்:

இதைச் சொன்னதற்கு மிகவும் நன்றி. எங்கள் பைலட் சிங்கங்களுக்கு மேல் பர்னரைத் தொடாமல் கடந்தார். அப்போது அதன் அருமை எனக்கு முழுதாகத் தெரியவில்லை. அடுத்த முறை போகிறவர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கட்டாயம் சொல்லி அனுப்புவேன்.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

செப்டம்பரில் மாரா போகிறோம். பையனுக்கு 6 வயது. ஏற்றுவார்களா? செலவு எவ்வளவு ஆகும், எந்த கேமரா எடுத்து வரலாம்?

நைரோபி உறுப்பினர்:

செப்டம்பர் நல்ல நேரம், மந்தைகள் பெரும்பாலும் மாராவில் இருக்கும். பையனை ஏற்றுவது சந்தேகம்தான். பல நிறுவனங்களில் 7 வயது ஆகியிருக்க வேண்டும், கூடைக்கு மேல் எட்டிப் பார்க்கும் உயரமும் வேண்டும். உங்களில் ஒருவர் பறக்க, இன்னொருவர் பையனோடு பின்னால் வரும் வண்டியில் வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், குழந்தைகளுக்கு அந்தத் துரத்தலே கொண்டாட்டமாக இருக்கும்.

ஒருவருக்கு 450 டாலருக்கு மேல் ஆகும். பெரிய தொகை. காற்றால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாராவில் தங்கும் முதல் காலையிலேயே பலூனை வைத்துக்கொண்டால், ரத்தானாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். பெரிய லென்ஸ் வேண்டாம், 70-200 மி.மீ. லென்ஸ் தாராளம். கேமராவுக்குக் கழுத்துப் பட்டை அவசியம், இறங்கும்போது இரண்டு கையும் பிடியில் இருக்க வேண்டும். பர்னரின் வெப்பம் உச்சந்தலையில் இறங்கும், தொப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கென்யாவிலிருந்து இந்தியா திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். பயணத்துக்கு 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும்போது தனிமைப்படுத்தல்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.