"படம்: இணையம்" என்று போட்டுவிட்டேன், எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: சத்திரோட்டுப் பயணி

வணக்கமுங்க. கொங்குப் பக்கத்துப் பேருந்துகளுக்காக நாங்கள் ஆறேழு பேர் ஒரு விக்கி நடத்துகிறோம். எந்த வண்டி எந்தத் தடத்தில் ஓடியது, கரூரில் எந்தப் பட்டறையில் பாடி கட்டியது, 1972இல் தொடங்கிய சேரன் போக்குவரத்துக் கழகத்துக்கு 1997இல் பெயர் மாறிய கதை, எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். எழுத்தெல்லாம் சொந்த உழைப்பு. படத்தில்தான் தப்பு செய்துவிட்டேன்.

போன வாரம் ஓர் அண்ணன் மெயில் போட்டிருந்தார். சத்தியமங்கலம் – கோவை தடத்துக்கு நாங்கள் வைத்திருந்த படம் அவர் எடுத்ததாம். பவானி ஆற்றுப் பாலம், இன்னும் விடியவில்லை, விளக்கு எரிய வண்டி வருகிறது. கண்ணாடி வழியே பார்த்தால் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் ஈரத்துணி போர்த்திய மல்லிகைக் கூடை தெரியும். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தபோதே கீழ் ஓரத்தை யாரோ வெட்டியிருந்தார்கள். அவர் பெயர் அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கிறது. நான் "படம்: இணையம்" என்று எழுதி ஏற்றிவிட்டேன். "அந்தப் படத்துக்கு நாலு நாள் பனியில் நின்றேன் தம்பி" என்று மட்டும் எழுதியிருந்தார். திட்டவே இல்லை. அதுதான் மனதைப் பிசைகிறது.

பெயரைச் சேர்த்தால் போதுமா, எடுத்துவிட வேண்டுமா? இதேபோல் மூலம் தெரியாமல் 412 படம் கிடக்கிறது. இன்னொன்று: கண்டக்டராக இருந்த என் பெரியப்பா 1970களில் சேரன் வண்டிமுன் நிற்க, ஸ்டுடியோக்காரர் எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதையாவது தாராளமாகப் போடலாமுங்களா?

பதில்: பெருந்துறை விக்கியர்

முதலில் படத்தை விக்கியிலிருந்து இறக்குங்கள். இன்றைக்கே. அப்புறம் அவருக்கு எழுதுங்கள். பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. எடுத்தவர் உரிமம் தராத படத்துக்கு எவ்வளவு பெரிய எழுத்தில் நன்றி போட்டாலும் அது அனுமதி ஆகாது. ஃபேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கும்படி இருப்பதும், குரூப்பில் நூறு பேர் பகிர்ந்ததும் அனுமதி இல்லை. குரூப்பில் அனுப்பியவரைக் கேட்டும் பயனில்லை, எடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

எழுதும்போது "உங்கள் படத்தைப் பயன்படுத்தலாமா அண்ணா" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் சரி என்பார், எதற்குச் சரி என்றார் என்று பின்னால் யாருக்கும் தெரியாது. எந்தப் படம், எந்த உரிமம், பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சிசி-பை-எஸ்ஏ 4.0 (கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் ஒன்று) கேட்பதானால் அதன் பொருளையும் சொல்லிவிடுங்கள்: யாரும் எடுக்கலாம், வியாபாரத்துக்கும் எடுக்கலாம், பெயர் போட வேண்டும், மாற்றினால் மாற்றியதைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. கடைசி விஷயத்தை மறைத்துக் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. வியாபாரத்துக்குக் கூடாது என்று அவர் சொன்னால் அதற்கும் தனி உரிமம் உண்டு. ஆனால் அந்த உரிமத்தோடு விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் தளம்) ஏற்ற முடியாது.

உங்கள் விக்கியின் எழுத்துக்கு ஓர் உரிமம் இருக்கிறது என்பதால் படங்களும் தானாக அதற்குள் வந்துவிடாது. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எடுத்தவர், எங்கிருந்து கிடைத்தது, உரிமத்தின் பெயரும் இணைப்பும், ஓரம் வெட்டியிருந்தால் "வெட்டப்பட்டது" என்ற சொல், இவ்வளவும் இருக்க வேண்டும்.

412இல் சில பொதுவகத்திலிருந்தே வந்திருக்கும், தேடிப் பாருங்கள். 4.0 உரிமத்தில் உள்ள படத்துக்குப் பெயர் போட விட்டுப்போயிருந்தால், தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் தானாகத் திரும்பக் கிடைக்கும். அதில் பயப்பட வேண்டாம்.

பதில்: பவானி ஃபிலிம் ரோல்

பெரியப்பா படத்துக்கு வருகிறேன். இருபது வருடம் கல்யாண வீடுகளில் கேமரா பிடித்தவன், இந்தச் சண்டையெல்லாம் பார்த்திருக்கிறேன். பழைய படம், உரிமை முடிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் கணக்கு.

ஆனால் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பெரியப்பா காசு கொடுத்து எடுத்தாரா, போக்குவரத்துக் கழகம் ஏதாவது விழாவுக்கு எடுத்ததா? அதைக் கேளுங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பெரியப்பாவுடையதாகவே இருந்தாலும் ஸ்டுடியோ பெயரை விட்டுவிடாதீர்கள். உரிமை யார் கையில் இருந்தாலும், எடுத்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு எடுத்தவருக்கே வைத்திருக்கிறது. அட்டையின் கீழ் மூலையை விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள் மை இல்லாமல் பெயரை அழுத்தி வைப்பார்கள், ஸ்கேனில் விழாது.

பதில்: சத்திரோட்டுப் பயணி

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. படத்தை அன்று இரவே இறக்கிவிட்டு அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், திரும்பப் பெற முடியாது என்பதையும் சேர்த்து. இரண்டு நாள் யோசித்துவிட்டு சிசி-பை-எஸ்ஏ 4.0 கொடுத்திருக்கிறார், வெட்டாத மூலப்படத்தோடு. அதில் பாலத்துக் கைப்பிடியில் ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கிறது. அவர் வந்த சைக்கிளாம். வெட்டிய படத்தில் அதுவும் போயிருந்தது.

பெரியப்பாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போனேன். முதல் மாதச் சம்பளத்தில் எடுத்த படமாம், அவரே காசு கொடுத்தது. சம்மதக் கடிதத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மூலையில் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறது, பென்சிலை மேலே தேய்த்துப் பார்க்காமல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படித்துவிட்டேன். படத்தின் கீழே இரண்டு பெயரும் வரும்.

412இல் இதுவரை 137க்கு ஆள் கிடைத்து எழுதியிருக்கிறேன். மீதியை இறக்கிவிட்டோம். அந்தியூர் – பர்கூர் தடத்தின் பக்கத்தில் இப்போது ஒரு படம்கூட இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்று எடுத்து, உங்கள் பெயரோடு அனுப்புங்கள்.