முட்டைக்கும் ஆகணும், குழம்புக்கும் ஆகணும்: தரைவீட்டுக்கு எந்தக் கோழி?

செலேத்தார் மாப்பிள்ளை:

2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது ஞாபகம் இருக்கும். சிங்கப்பூரில் நாம் வாங்கும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் ஈரச்சந்தையில் எனக்கு வழக்கமாக வெட்டித் தருபவர் கடையைக் கழுவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். வெறும் பையோடு வீடு திரும்பினேன். மாமியார் பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இம்புட்டு எடத்த புல்லுக்கு விட்டுட்டு, கோழிக்கு ஜொகூர நம்பி இருக்கீங்களே மாப்ள." ஆரம்பித்தது அங்கேதான்.

விதிமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. நிலத்தோடு கூடிய தரைவீட்டில் சொந்தத் தேவைக்குப் பத்து வரை வைத்துக்கொள்ளலாம், காட்டுப் பறவைகள் நுழைய முடியாதபடி வலையடித்த கூண்டு வேண்டும். நான் ஐந்தோடு நிறுத்தினேன். வீடு மாற்றிப் போன நண்பர் கொடுத்த பழுப்பு நிறப் பண்ணைக்கோழி மூன்று, கம்பத்துக் கோழி (கிராமத்து நாட்டுக்கோழி) இரண்டு.

பழுப்புக் கோழிகள் முதல் வருடம் வாரத்துக்கு ஐந்து, ஆறு முட்டை என்று கொட்டின. இரண்டாம் வருடம் ஓடு மெலிந்தது. ஒன்றுக்கு முட்டை உள்ளேயே சிக்கி, இரண்டு நாளில் போய்விட்டது. தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் குத்தியது. தின்றதெல்லாம் முட்டையாகவே போய்விட்டது, உடம்பில் ஒட்டவில்லை. கம்பத்துக் கோழிகள் நேர்மாறு. பன்னிரண்டு, பதினைந்து முட்டை போடும், உடனே அடைக்கு உட்கார்ந்துவிடும். சேவலே இல்லை, எதை அடைகாக்கிறாய் என்று கேட்டால் கையைக் கொத்தும்.

இப்போது இன்னும் மூன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து ஓர் இனம். ரோட் ஐலண்ட் ரெட், ஆஸ்ட்ரலார்ப், சசெக்ஸ் என்று படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாலான் காயு அக்கா:

தம்பி, எங்கப்பா செலேத்தார் விமானத் தளத்தில் வேலை பார்த்தவர். கம்பத்தில் எங்கள் வீட்டில் இருபது கோழிக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. இனம் கினம் ஒன்றும் கிடையாது, பக்கத்து வீட்டுச் சேவல் எதுவோ அதுதான் இனம்.

நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நாங்கள் பெட்டையை அறுத்ததே கிடையாது. அம்மா விடமாட்டார். கறி என்றால் சேவல்தான். இருபத்தொரு நாள் அடைகாத்து எட்டுக் குஞ்சு பொரித்தால் அதில் நாலு சேவலாக இருக்கும். அந்த நாலும் ஐந்து, ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகக் குழம்புக்குப் போகும், பெட்டைகள் முட்டைக்கு நிற்கும். "இரண்டுக்கும் ஆகும் கோழி" என்றால் அர்த்தம் இதுதான். முட்டை தாயிடம், கறி மகனிடம். ஒரே கோழி இரண்டையும் தராது. கிழட்டுப் பெட்டையை வேகவைத்தால் அடுப்புதான் தேயும்.

உங்கள் வீட்டில் சேவல் இல்லை. அப்புறம் கறிக்கு எங்கே போவீர்கள்?

சிராங்கூன் தோட்டவாசி:

அக்கா சொன்ன சேவல் எங்கள் வீட்டுக்கு வந்தது, தெரியாமலேயே. நாலும் பெட்டைக் குஞ்சு என்று சொல்லித்தான் வாங்கினேன். மூன்றாம் மாதம் ஒன்றுக்கு மட்டும் கொண்டை சிவந்தது, வாலில் அரிவாள் மாதிரி இறகு வளைந்தது. நான்காம் மாதம் காலை ஐந்து மணிக்குக் கூவிற்று. அடுத்த வீட்டம்மா இரவுப் பணி முடித்து வரும் தாதி. மூன்று நாள் பொறுத்துக்கொண்டார், நான்காம் நாள் எங்கள் வாசலில் நின்றார். ஒன்றும் திட்டவில்லை, "தூங்கி மூணு நாளாச்சு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

இரவில் இருட்டுப் பெட்டி, தலையை நிமிர்த்த முடியாத தாழ்ந்த கூரை, எல்லாம் செய்து பார்த்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்ததே தவிர நின்றபாடில்லை. கடைசியில் பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம் விட்டேன். 2017இல் சின் மிங் அவென்யூவில் சத்தம் என்று புகார் வந்து, திரிந்துகொண்டிருந்த கோழிகளை அதிகாரிகள் பிடித்து அழித்தார்களே, அது மனதில் இருந்தது. அதனால் புகார் எழுதும்வரை அடுத்த வீட்டம்மாவைக் காக்க வைக்கவில்லை.

கூலாய் அண்ணன் தம்பி:

என் அண்ணன் ஜொகூர், கூலாயில் தோட்டம் வைத்திருக்கிறார். சசெக்ஸ், ரோட் ஐலண்ட் ரெட், கழுத்து மொட்டைக் கோழி மூன்றையும் ஒரே கூரையடியில் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இருக்கும் முட்டைக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். ஆஸ்ட்ரலார்ப் 1922–23இல் ஆஸ்திரேலியப் போட்டியில் ஆறு கோழிக்கு 365 நாளில் 1,857 முட்டை போட்டது உண்மைதான். ஆனால் முட்டைக்கோழி நன்றாகப் போட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். நமக்கு வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம்தான். விளக்குப் போட்டால் ஒழிய அந்தக் கணக்கு இங்கே வராது.

அதைவிடப் பெரிய பிரச்சினை புழுக்கம். கோழிக்கு வியர்க்காது, பெரும்பாலும் வாயைத் திறந்து மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. மத்தியானம் இரண்டு மணிக்கு சசெக்ஸ் இறக்கையை விரித்துக்கொண்டு, கிணற்றில் இறைத்து முடித்த ஆள் மாதிரி இரைக்கும். அப்படி இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, முட்டையோட்டுக்கான பொருள் கிடைப்பதில்லை. செலேத்தார் அண்ணே, உங்கள் கோழிக்கு ஓடு மெலிந்ததற்கு வயது ஒரு காரணம், வெயில் இன்னொன்று. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

பெரிய ஒற்றைக் கொண்டை உள்ள இனமாகப் பாருங்கள், சூடு கொண்டை வழியாகவும் இறங்கும். வயான்டாட் மாதிரி தட்டையான ரோஜாக் கொண்டை குளிர் தேசத்துக்குச் சரி. அண்ணன் தோட்டத்தில் வெயிலை லட்சியமே செய்யாதது கழுத்து மொட்டைதான். இறகு குறைவு, கறியும் உண்டு. பார்க்கத்தான் சகிக்காது. அண்ணி முதல்முறை பார்த்துவிட்டு, நோய்க்கோழியை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று சண்டைக்கே கிளம்பிவிட்டார்.

புதுக்கோட்டைத் தம்பி:

நான் இங்கே கட்டுமான வேலையில் இருக்கிறேன், கோழி எல்லாம் ஊரில்தான். எங்கம்மா சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழிதான் காலங்காலமாக வளர்க்கிறார். நான் அனுப்பிய காசில் ஒருமுறை ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜாக் குஞ்சு இருபது வாங்கினார். சேவல் என்ன எடை! சீக்கிரம் வளர்ந்தது, பெட்டை வருடத்துக்கு நூறு முட்டைக்கு மேல் போட்டது, சிறுவிடையைவிட நிறைய. கறியைவிட முட்டைதான் முக்கியம் என்றால் கிராமப்பிரியா இன்னும் நல்லது என்றார்கள்.

ஆனால் பருந்து நிழல் விழுந்தால் சிறுவிடை அரை நொடியில் வேலிக்குள் இருக்கும். வனராஜா நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கும். கீரியும் பருந்துமாக ஏழு போயிற்று. அடைக்கும் உட்காராது. அம்மா அதன் முட்டையைச் சிறுவிடையின் வயிற்றுக்கடியில் வைத்துப் பொரிக்கவைத்தார். கலப்பினம் என்பதால் அந்தக் குஞ்சுகள் தாயைப் போல வரவில்லை, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. இப்போது மறுபடியும் சிறுவிடைதான்.

இங்கே பருந்துக்குப் பதில் மலைப்பாம்பு. வலைக் கண்ணி சிறிதாக இருக்கட்டும் அண்ணே.

ஈசூன் புளோக்வாசி:

வளர்க்க வழியில்லாதவன் சார்பில் ஒரு வார்த்தை. பாசிர் ரிஸ் பூங்காவில் திரிவதில் ஒன்றைப் பிடித்து வந்தால் என்ன என்று யாரோ என்னிடம் கேட்டார்கள். வேண்டாம். சாம்பல் கால், காதோரம் வெள்ளைத் திட்டு இருந்தால் அது காட்டுக்கோழி, புலாவ் உபின் தீவிலும் உண்டு. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலேத்தார் மாப்பிள்ளை:

அக்கா, நேற்று இரவு நீங்கள் எழுதியதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "அதத்தானே நானும் சொன்னேன்" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

கறிக் கணக்கை விட்டுவிட்டேன். சேவல் வைக்க முடியாது, பெட்டையை அறுக்க வீட்டில் ஆள் இல்லை. மகள் வேறு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். கோப்பி, தே, மைலோ என்று. மைலோவைக் குழம்பில் போட்டால் என்னைத் தோட்டத்தில்தான் படுக்க வைப்பாள். ஆகவே கனத்த இனம் எதுவும் வேண்டாம், தீனிதான் கூடும். இருக்கும் பழுப்புக் கோழியே நாளைக்கு 110 கிராம் தின்கிறது. வாங்கினால் கம்பத்துக் கோழிதான். அடைக்கு உட்கார்ந்தால் உட்காரட்டும்.

கோப்பிக்கு இப்போது நாலு வயது, வாரம் ஒரு முட்டை போட்டால் அதிசயம். "இந்தத் தீபாவளிக்குக் கோப்பிதான்" என்று மாமியார் மூன்று வருடமாகச் சொல்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் விடிகாலையில் தேக்கா சந்தையில் கோழிக்கு வரிசையில் நிற்பது நான்தான்.

புதுக்கோட்டைத் தம்பி, எந்த அளவுக் கண்ணி? இப்போது இருப்பது ஓர் அங்குலம்.

புதுக்கோட்டைத் தம்பி:

குட்டிப் பாம்பு அதில் நுழைந்துவிடும் அண்ணே. அரை அங்குலம், வெல்டு செய்த கம்பி. அடியிலும் ஓர் அடி ஆழம் புதையுங்கள்.