தபால் ஓட்டு, கையெழுத்து ஒத்துப்போகவில்லை: உங்களுக்கு என்ன நடந்தது?

வாஷிங்டன் மகள்:
2024 நவம்பர், வாஷிங்டன் மாநிலம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு அம்மா போடும் முதல் அதிபர் தேர்தல் ஓட்டு. உறையில் கையெழுத்துப் போட வைத்து, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் சேர்த்தேன். சில நாளில் கவுண்டி (மாவட்ட) தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம்: உறையில் இருக்கும் கையெழுத்து கோப்பில் இருப்பதோடு பொருந்தவில்லை, இந்தப் படிவத்தில் மறுபடி போட்டு அனுப்புங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, பேனா பிடிப்பதே சிரமம். கடிதத்தை விளக்கிச் சொன்னதும் எழுந்து போய்த் தன் மாநில அடையாள அட்டையை எடுத்து வந்தார். அதில் இருந்த கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, பழைய செய்தித்தாள் ஓரத்தில் எழுதிப் பழகினார். தன் கையெழுத்தைத் தானே பார்த்து எழுதுகிறார். ஒவ்வொரு சுழியாக நிறுத்தி நிறுத்தி. அப்புறம் படிவத்தில் போட்டுவிட்டு என்னிடம் நீட்டி, "இப்ப சரியா இருக்கா பாரு" என்றார்.

ஓட்டு ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

பே ஏரியா அப்பா:
இங்கே கலிஃபோர்னியாவில் எங்கள் வீட்டில் மகளுக்கு நடந்தது. 18 வயது, முதல் ஓட்டு. கோப்பில் இருந்தது 16 வயதில் லைசென்ஸ் எடுக்கும்போது போட்ட கையெழுத்து. மெஷின் தள்ளிவிட்டது. கடிதம் வீட்டுக்கு வந்தது, அவளோ சான் டியேகோ ஹாஸ்டலில். போன் பண்ணினால், "விடுங்கப்பா, ஒரு ஓட்டுதானே" என்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விடாமல் பேசி அனுப்ப வைத்தேன்.

எல்லோருக்கும் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் 'வேர்ஸ் மை பாலட்' சேவையில் பதிந்துகொள்ளுங்கள். உறை போய்ச் சேர்ந்ததா, எண்ணப்பட்டதா, சிக்கலா என்று குறுஞ்செய்தி வரும். கடிதம் வந்தால் பயப்படாதீர்கள், தேர்தல் நாள் முடிந்தும் சரிசெய்ய அவகாசம் உண்டு. கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும். முன்னெல்லாம் இந்தக் கடிதமே கிடையாது. 2016 தேர்தலில் ஓட்டுப் போட்ட சோனோமா கவுண்டி வாக்காளர் ஒருவருக்குத் தன் ஓட்டு எண்ணப்படவில்லை என்பதே பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் வழக்குப் போட்டு, 2018 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றம், வாக்காளருக்குச் சொல்லாமல் தள்ளக்கூடாது என்றது. அதே வருஷம் சட்டமும் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் தபாலைத் தினம் பாருங்கள். பெயர் மாற்றியவர்கள், முன்னெழுத்தை முன்னால் போட்டுப் பழகியவர்கள், இந்தியப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவர்கள் எல்லோரும் லைசென்ஸில் எப்படிப் போட்டோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமாகக் கிறுக்காதீர்கள்.

உறை மேசை:
அப்பா அவர்களே, மெஷின் தள்ளாது. உங்கள் மாநிலத்தில் மென்பொருள் "பொருந்துகிறது" என்று வேண்டுமானால் சொல்லலாம். நிராகரிக்க வேண்டுமென்றால் இரண்டு வேறு அதிகாரிகள், தனித்தனியே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேறு கையெழுத்து என்று முடிவு செய்தாக வேண்டும்.

நான் வாஷிங்டன் மாநிலத்தில் தேர்தல் சமயத்துத் தற்காலிக வேலையில் கையெழுத்துச் சரிபார்த்தவள். மாநிலக் காவல்துறை பயிற்சி தருகிறது. சாய்வு, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி, பேனாவை எங்கே தூக்குகிறார்கள், கடைசி இழுப்பு எப்படி முடிகிறது, இதையெல்லாம் பார்க்க வேண்டும். பெயருக்குப் பதில் முன்னெழுத்து போட்டாலும், குடும்பப் பெயரும் கையும் அதேதான் என்று தெரிந்தால் தள்ளக்கூடாது. கணவன் உறையில் மனைவி போடுவது, மனைவி உறையில் கணவன் போடுவது அடிக்கடி வரும்.

ஒருநாள் தமிழில் போட்ட கையெழுத்து வந்தது. கோப்பில் இருந்தது ஆங்கிலத்தில். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதே பெயர், ஒரு எழுத்துப் பிசகில்லை. ஆனால் அங்கே பெயரைப் படிப்பது வேலை இல்லை, கோடுகளை ஒப்பிடுவதுதான் வேலை. கடிதம் அனுப்ப வேண்டிய அடுக்கில் வைத்தேன். அவர் பதில் அனுப்பினாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

டகோமா வாசகர்:
உறை மேசை, விதிப்படி நடந்ததாகவே இருக்கட்டும். முடிவு என்ன? இதே மாநிலத்தின் தணிக்கையாளர் 2020 தேர்தலை ஆராய்ந்து 2022இல் அறிக்கை கொடுத்தார். வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவர் ஓட்டு நான்கு மடங்கு வீதத்தில் தள்ளப்பட்டிருந்தது. ஆசியர், ஹிஸ்பானியர், பூர்வகுடிகள் ஓட்டு இரண்டு மடங்கு. இளைஞர்கள் ஓட்டும் அதிகம். சரிபார்ப்பவர்கள் பாரபட்சம் காட்டியதாக ஆதாரமில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. அதுதான் எனக்கு இன்னும் கவலை. யாருமே வேண்டுமென்று செய்யாமல் இவ்வளவு வித்தியாசம் வருகிறதென்றால் கோளாறு முறையில்தான் இருக்கிறது. மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் இந்த முறை செல்லும் என்றுவிட்டது. என் கருத்து மாறவில்லை. என் ஓட்டு ஒருதரம் கடிதத்தோடு திரும்பியது. அதிலிருந்து உறையில் பேனா வைக்கும்போது கை தானாக இறுகிவிடுகிறது, இறுகினால் கையெழுத்து இன்னும் மாறுகிறது.

ஹூஸ்டன் மருமகன்:
இங்கே டெக்சஸில் உறையில் ஒரு எண்ணும் எழுத வேண்டும். 2021இல் வந்த சட்டம். லைசென்ஸ் எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கம். பதிவில் இருக்கும் எண்ணோடு அது பொருந்த வேண்டும். 2022 மார்ச்சில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் சுமார் 25,000 தபால் ஓட்டு செல்லாமல் போயிற்று, வந்ததில் ஏறக்குறைய 12 சதவீதம். மாமனார் லைசென்ஸ் எண்ணை எழுதினார், பதிவில் இருந்ததோ மற்ற எண். "என் நம்பர்தானே மாப்பிள்ளை, எது எழுதினா என்ன?" என்று கேட்டார். கையெழுத்தை எடுத்துவிட்டு எண்ணை வைத்தால் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி:
மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் படிக்கிறேன். நம் ஊரில் தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் போடும் தபால் ஓட்டில் கையெழுத்தை ஒப்பிடுவதே இல்லை. படிவம் 13ஏ உறுதிமொழியில் நாம் போடும் கையெழுத்துக்கு ஒரு கெசட்டட் அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். 2016 பயிற்சி வகுப்பில் ஒரு டீச்சர் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போய், "சார், நீங்க கெசட்டட்டா?" என்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. அந்தச் சட்டமன்றத் தேர்தலில்தான் ராதாபுரம் தொகுதி விவகாரம். இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார். சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியர்கள் கெசட்டட் இல்லை என்று 203 தபால் ஓட்டு செல்லாமல் போயிருந்தது. தோற்ற அப்பாவு வழக்குப் போட்டு, 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணவும் எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஓட்டுப் போட்ட ஆசிரியர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதுதான் பிரச்சினை.

உறை மேசை:
ஐயா சொன்னது வேறு சிக்கல், ஆனால் வலி ஒன்றுதான். டகோமா சொன்ன நான்கு மடங்கை நான் மறுக்கவில்லை. கோப்பில் ஒரே ஒரு கையெழுத்து, அதுவும் மின்பலகையில் போட்டது, இதை வைத்து ஒப்பிடுவதுதான் வினை. மூன்று நான்கு மாதிரி இருந்தால் பாதிக் கடிதம் போகாது. வாஷிங்டன் மகள், அம்மாவின் இப்போதைய கையெழுத்தைப் பதிவில் புதுப்பித்துவிடுங்கள், செலவு கிடையாது. பேனாவே பிடிக்க முடியாவிட்டால் இரண்டு சாட்சி வைத்து ஒரு குறி போட்டாலும் செல்லும். ஹூஸ்டன்காரரே, மாமனார் அடுத்த தடவை இரண்டு எண்ணையும் எழுதட்டும். அனுமதி உண்டு.