மோட்டாரே இல்லாத பழைய பம்பு: எப்படி வேலை செய்யும்?

ஓடைக்கரை:
கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, ஓடைக்குக் கீழே வார்ப்பிரும்பு பம்பு ஒண்ணு கிடக்கு. கைப்பிடி, பெல்ட், இன்ஜின் எதுவும் இல்ல. கவிழ்த்த மணி மாதிரி குடுவை, பக்கத்துல மேலும் கீழும் ஆடுற கனமான வால்வு. பெரிய குழாய் ஓடையிலிருந்து இறங்குது, சின்னது மேட்டுக்கு ஏறுது. ராப்பகலா "டக் டக்"னு அடிக்கும்னு தோட்டத்துப் பெரியவர் சொல்றார். என்னங்க இது?

பழைய ஃபிட்டர்:
ஹைட்ராலிக் ராம் தம்பி! பலூன் விட்ட மோன்கோல்ஃபியே 1796-ல உருவாக்கினது. இறங்கி வர்ற தண்ணி வேகம் பிடிச்சதும் அந்த வால்வைப் பட்டுனு மூடிடும். ஓட்டம் திடீர்னு தடைபட்டதும் அழுத்தம் எகிறும். கொஞ்சம் தண்ணி உள் வால்வைத் தள்ளிக் குடுவைக்குள்ள போகும். அங்க அமுங்கின காத்து அதை மேலே தள்ளும். அழுத்தம் இறங்கினா வெளி வால்வு தன் எடையில திறக்கும், மறுபடி ஆரம்பம். அந்த "டக்" இதுதான்.

மேட்டுக்காடு:
2 மீட்டர் இறக்கத்துல 20 மீட்டர் ஏத்தலாம். ஆனா நூறு லிட்டர்ல ஆறேழுதான் மேலே போகும், மிச்சம் ஓடைக்கே.

ஓடைக்கரை:
குடுவைக்கு அடியில ஊசித்துளை ஒண்ணு இருக்கே, ஓட்டையா?

பழைய ஃபிட்டர்:
அடைச்சிடாதீங்க! குடுவைக்குக் காத்து அது வழியாத்தான் போகுது. அடைச்சா குடுவை முழுக்கத் தண்ணியாகி, அடி தாங்காம குழாய் பிளந்துடும்.