பொருள்: டிஸ்க் இமேஜ், ஃப்ளக்ஸ் இமேஜ் – இரண்டுக்கும் ஒரே சொல்லா?

வணக்கம்.

பழைய கணினி விளையாட்டுகளையும் அவற்றோடு பெட்டியில் வந்த அச்சுக் கையேடுகளையும் பாதுகாப்பது பற்றிய தமிழ் வழிகாட்டியின் வரைவு ஓரளவு முடிந்துவிட்டது. ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. டிஸ்க் இமேஜ் (வட்டின் தரவை நகலெடுத்த கோப்பு), ஃப்ளக்ஸ் இமேஜ் (வட்டின் காந்தப் பதிவையே நகலெடுத்த கோப்பு), டம்ப் (இப்படி நகலெடுப்பதற்கான பேச்சுவழக்கு) மூன்றுக்கும் வரைவில் 'வட்டுப் படிமம்' என்றே இருக்கிறது. ஃப்ளாப்பிக்கு நெகிழ்வட்டு, டிராக்குக்குத் தடம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. தடத்தின் ஒரு துண்டான 'செக்டர்' மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே இருக்கிறது. படிமம் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமா? கோட் வீலுக்கும் (ஆட்டம் கேட்கும் குறியைத் திருப்பிப் பார்க்கும் அட்டைச் சக்கரம்), கையேட்டை ஸ்கேன் செய்த கோப்புக்கும்கூடச் சொல் வேண்டும்.

*

> படிமம் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமா?

போதாது. ஒரே சொல்லாக விட்டால், வழிகாட்டியைப் பார்த்து வேலை செய்பவர் குறைந்த கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, 'படிமம் எடுத்தாயிற்று' என்று வட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

5.25 அங்குல 360 கே.பி. நெகிழ்வட்டை எடுத்துக்கொள்வோம். 40 தடம், 2 பக்கம், தடத்துக்கு 9 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 3,68,640 பைட். செக்டர் செக்டராக நகலெடுத்தால் கோப்பின் அளவு சரியாக இதுதான். டிரைவின் கன்ட்ரோலர் படித்து, சரிபார்த்து, 'இதுதான் தரவு' என்று கொடுத்தது மட்டுமே அதில் இருக்கும். செக்டர்களுக்கு நடுவே விட்ட இடைவெளி, சரிபார்ப்பு எண்கள், வேண்டுமென்றே கெடுத்து எழுதிய இடங்கள் எதுவும் வராது.

ஃப்ளக்ஸ் இமேஜ் எடுக்கும் கருவிகளான கிரீஸ்வீசில், கிரையோஃப்ளக்ஸ், சூப்பர்கார்டு புரோ ஆகியவை கன்ட்ரோலரை ஒதுக்கிவிடுகின்றன. வட்டில் காந்தத் திசை ஒருமுறை புரண்டதற்கும் அடுத்த முறை புரண்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். 720 கே.பி. வட்டில் அந்த இடைவெளி ஏறத்தாழ 4, 6, 8 மைக்ரோ நொடி, 1.44 எம்.பி. வட்டில் அதில் பாதி. அது என்ன எழுத்து, சரியா தப்பா என்ற கேள்வியே அந்தக் கட்டத்தில் கிடையாது.

இந்த வித்தியாசத்தில்தான் பழைய வட்டுகளின் திருட்டுத் தடுப்பு (நகலெடுக்க விடாத உத்தி) குடியிருக்கிறது. அட்டாரி எஸ்டி கணினிக்கு 1987-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் விளையாட்டின் வட்டில் சில பிட்டுகள் 0-க்கும் 1-க்கும் எல்லையில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வேறு விடை வரும், வர வேண்டும். செக்டர் நகலில் ஏதோ ஒரு விடை உறைந்துபோகும். எத்தனை முறை படித்தாலும் ஒரே விடை வந்தால் இது நகல் என்று ஆட்டம் கண்டுபிடித்துவிடும். காப்பிலாக் என்ற தடுப்பு முறை இன்னொரு வழியில் போகிறது. தரவு ஒன்றுதான், ஆனால் தடத்தின் சில இடங்களில் பிட்டுகள் நெருக்கமாகவும் சில இடங்களில் தளர்வாகவும் இருக்கும். ஆட்டம் படிக்க ஆகும் நேரத்தை அளக்கும்.

இந்தப் பிரிவினை தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. கல்வெட்டுத் துறையினர் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பதித்து, மை ஒற்றி எடுப்பது மைப்படி. அதைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்து எழுதுவது பாடம். கல்லின் வெடிப்பும் உளி சறுக்கிய கோடும் மைப்படியில் வரும், பாடத்தில் வராது. பாடத்தில் சந்தேகம் வந்தால் மைப்படிக்குத் திரும்பலாம். பாடத்திலிருந்து மைப்படியை உண்டாக்க முடியாது. ஆகவே ஃப்ளக்ஸ் இமேஜுக்குக் 'காந்தப்படி', செக்டர் இமேஜுக்குத் 'தரவுப்படி' என்று முன்மொழிகிறேன்.

*

மைப்படி எடுத்துக்காட்டு அருமை. தரவுப்படிக்கு என் ஓட்டு. காந்தப்படி மேல் மூன்று குறை.

முதலாவது, ஃப்ளக்ஸுக்குப் பள்ளி இயற்பியல் நூலிலேயே 'பாயம்' இருக்கிறது. காந்தப்பாயம், மின்பாயம் என்று படித்து வந்தவர்கள் 'பாயப்படி' எங்கே என்று கேட்பார்கள். (பாயை நினைத்துச் சிரிப்பவர்களும் இருப்பார்கள், அது வேறு.) இரண்டாவது, '-ப்படி' என்று முடிந்தால் 'சட்டப்படி', 'முறைப்படி' மாதிரி ஒலிக்கும். 'காந்தப்படி சேமிக்கவும்' என்றால் காந்தம் சொன்னபடி சேமிக்க வேண்டுமா?

மூன்றாவதுதான் பெரிய குறை. குறுந்தகட்டில் காந்தம் கிடையாது. ஆனால் சிக்கல் அதேதான். ஐஎஸ்ஓ கோப்பில் (குறுந்தகட்டின் வழக்கமான தரவு நகல்) செக்டருக்கு 2,048 பைட் பயனர் தரவு மட்டும். தகட்டில் உண்மையில் இருப்பது 2,352. 1996-ல் வந்த குவேக் விளையாட்டின் தகட்டில் முதல் தடம் மட்டுமே தரவு, பின்னணி இசை எல்லாம் அடுத்தடுத்த ஒலித்தடங்கள். ஐஎஸ்ஓ எடுத்தால் ஆட்டம் ஓடும், இசை இருக்காது. பின்–கியூ (BIN/CUE) என்ற கோப்பு ஜோடியாக எடுத்தால்தான் ஒலித்தடங்களும் சேர்ந்து வரும். நெகிழ்வட்டுக்கு ஒரு சொல், குறுந்தகட்டுக்கு இன்னொரு சொல் என்று போனால் வழிகாட்டி தாங்காது.

இரண்டிலும் பொதுவாக இருப்பது தடம். 'தடப்படி' என்றால் என்ன? தடம் பதிந்தபடியே எடுத்தது. கேசட்டில் வந்த ஸ்பெக்ட்ரம் கணினி விளையாட்டுக்கும் பொருந்தும். நெகிழ்வட்டு என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'காந்தத் தடப்படி' என்று நீட்டிக்கொள்ளலாம்.

*

தடப்படிக்கு ஆதரவு. செய்முறைப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரண்டு சொல் இல்லாமல் முடியாது. சரிபார்ப்பு பற்றிய பத்தியை எழுதிப் பாருங்கள், தெரியும். ஒரே வட்டை இரண்டு முறை தடப்படி எடுத்தால் இரண்டு கோப்பும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகாது. மோட்டார் வேகத்தில் துளி ஆட்டம் இருந்தாலே நேர அளவு மாறும். அதனால் ஷா-1 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டு தடப்படியிலிருந்தும் தரவுப்படியைப் பிரித்தெடுத்து, அவற்றின் ஷா-1 ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். தளும்பும் பிட்டுகள் (டன்ஜன் மாஸ்டரில் பார்த்தபடி, படிக்கும்போதெல்லாம் விடை மாறுபவை) உள்ள செக்டர் மட்டும் அப்போதும் ஒத்துப்போகாது. இதை 'படிமத்திலிருந்து படிமத்தைப் பிரித்து' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

தடப்படி எடுக்கும் அத்தியாயத்தில் விட்டுப்போனவை சில:

எத்தனை சுற்று என்று சொல்லவில்லை. ஒரு தடத்தை ஒரே சுற்றில் படித்தால் தளும்பும் பிட்டைக் கண்டுபிடிக்க வழியில்லை, ஒப்பிட இன்னொரு சுற்று வேண்டுமே. குறைந்தது 3, முடிந்தால் 5 சுற்று. கோப்பு பல பத்து எம்.பி. வரும், 360 கே.பி. வட்டுக்கு இவ்வளவா என்று பயப்பட வேண்டாம்.

எழுதத் தடை போடும் முறை இரண்டு வட்டிலும் நேர்மாறு. 5.25 அங்குலத்தில் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் தடை, 3.5 அங்குலத்தில் சதுரத் துளை திறந்திருந்தால் தடை. இதைக் குழப்பிக்கொண்டு கட்டளையும் தவறினால் மூல வட்டு போய்விடும்.

40 தட வட்டை 1.2 எம்.பி. டிரைவில் படிக்கலாம். அந்த டிரைவின் தலை 80 தடக் கணக்கில் நகர்வதால் ஒன்றுவிட்டு ஒன்று தாண்டச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு தடமும் இரண்டு முறை வரும், வட்டின் பின்பாதி வராது. அது நிமிடத்துக்கு 300 அல்ல, 360 சுற்று சுற்றும் என்பதையும் பிரித்தெடுக்கும்போது கணக்கில் கொள்ள வேண்டும்.

டிரைவில் போடும் முன் 5.25 அங்குல வட்டின் நடுத்துளையைக் கையால் சுழற்றி, தலை படும் நீள்சாளரத்தில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். வெண்புள்ளிகள் என்றால் பூஞ்சை. வெளிச்சம் ஊடுருவும் வளையம் தெரிந்தால் காந்தப் பூச்சே உதிர்ந்துவிட்டது, அந்த இடத்தில் எடுக்க ஒன்றும் இல்லை. பூஞ்சை வட்டைச் சுத்தம் செய்யாமல் உள்ளே விட்டால் அழுக்கு தலையில் ஒட்டும், அடுத்து வரும் நல்ல வட்டை அது வட்டமாகக் கீறிவிடும். ஒவ்வொரு சந்தேக வட்டுக்குப் பிறகும் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் தலையைத் துடைக்க வேண்டும்.

'டம்ப்' தனிச்சொல்லாக வேண்டாம். வினை வேண்டிய இடத்தில் 'தடப்படி எடு' போதும். 'கொட்டு' என்று யாராவது பெயர்த்துவிடப் போகிறார்கள்.

*

கையேட்டுப் பக்கம் யாரும் போகவில்லையே. அசல் கையேடு கையில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும் அன்றைய திருட்டுத் தடுப்புதான். அங்கும் இதே பிரிவினைதான், சொல்லப்போனால் இன்னும் கறாராக.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா டாஸ் பதிப்பில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை நிறைய மருந்துக் குப்பிகள் வரும், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. கையேட்டில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும். கையேட்டை ஒருவர் அழகாகத் தட்டச்சு செய்து வைத்தால் சொற்கள் அத்தனையும் இருக்கும். வரி மடங்கும் இடம் மாறிவிட்டால் விடை கிடைக்காது. இங்கே பக்க அமைப்பே தரவு. ஆகவே ஸ்கேன் செய்ததற்குப் 'பக்கப்படி', தட்டச்சு செய்ததற்கு 'எழுத்துப்படி' என்று பிரித்துவிடலாம்.

நிறமும் அப்படித்தான். 1984-ல் வந்த ஜெட் செட் வில்லி விளையாட்டின் குறியட்டை முழுக்க வண்ணக் கட்டங்கள். அந்தக் காலத்து ஜெராக்ஸில் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும் என்பதுதான் தந்திரம். கறுப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்பவர் 40 ஆண்டு கழித்து அதே வலையில் விழுகிறார். சிம்சிட்டி விளையாட்டின் குறித்தாள் கருஞ்சிவப்பு, அதன்மேல் கறுத்த மை. நகலெடுத்தால் முழுத்தாளும் இருண்டுபோகும். வண்ணத்தில் ஸ்கேன் செய்து, படத்தின் சிவப்பு நிறக்கூறை மட்டும் தனியே பார்த்தால் தாள் வெளுத்து எழுத்து எழும்பி நிற்கும். காப்பகத்தில் வைப்பது வண்ணக் கோப்பு, படிக்கக் கொடுப்பது இந்தச் சிவப்புக்கூறுப் படம்.

பக்கப்படியின் அளவு: 600 டிபிஐ, 24 பிட் வண்ணம், டிஃப் (TIFF) கோப்பு. ஏ5 பக்கம் ஒன்று 3,496 × 4,961 புள்ளி, ஏறத்தாழ 52 எம்.பி. வரும். 200 டிபிஐயில் எடுத்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் புள்ளிகளும் மோதிப் படங்களில் அலைக்கோலம் விழும். பின்பக்க எழுத்து ஊடுருவாமல் இருக்கத் தாளுக்குப் பின்னால் வெள்ளை அல்ல, கறுப்பு அட்டை. நடுவில் பின் அடித்த கையேட்டை அப்படியே கண்ணாடியில் அமுக்கினால் முதுகோரத்துச் சொற்கள் வளையும். துருப்பிடித்த பின் அங்கேயே தாளைக் கிழிக்கும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய இரு நுனிகளையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, பின்னை வெளிப்பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும்.

பிடிஎஃப் ஆக்கும்போது ஜேபிக்2 இழப்புச் சுருக்கம் கூடவே கூடாது. ஒத்த வடிவுள்ள எழுத்துகளை அது ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டுவிடும். 2013-ல் ஸெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்த தாளில் 6-ஐ 8 ஆக மாற்றியது இதனால்தான். குறியெண் அட்டவணையில் அப்படி நடந்தால் மங்கல்கூடத் தெரியாது. பளிச்சென்று தவறாக இருக்கும்.

கோட் வீல்: 'குறிச்சக்கரம்'. மங்கி ஐலேண்ட் விளையாட்டின் சக்கரத்தில் இரண்டு வட்ட அட்டை, மேலட்டையில் சாளரங்கள். நடு ஆணியைப் பிடுங்காதீர்கள். மேலட்டையைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஒவ்வொரு நிலையிலும் ஸ்கேன் செய்தாலே கீழட்டையின் முழுப் படத்தையும் கணினியில் ஒட்டிச் சேர்த்துவிடலாம்.

*

நன்றி. தரவுப்படி, தடப்படி, பக்கப்படி, எழுத்துப்படி, குறிச்சக்கரம் ஐந்தையும் வரைவில் ஏற்றுகிறேன். 'வட்டுப் படிமம்' பொதுச்சொல்லாக முன்னுரையில் மட்டும் இருக்கட்டும். பழைய கட்டுரைகளில் அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. 'தளும்பும் பிட்' மேலே போகிற போக்கில் வந்தது, ஆனால் 'வலுவிலாப் பிட்' என்று வரைவில் இருந்ததைவிட எவ்வளவோ மேல். அதையும் எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டியில் கையேடு தவிர வரும் பொருள்களுக்கு 'உடன்பொருள்' போடலாம் என்றிருக்கிறேன். 1982-ல் இன்ஃபோகாம் வெளியிட்ட டெட்லைன் பெட்டியில் விசாரணை அறிக்கை, கொலை நடந்த இடத்தின் புகைப்படம், பையில் மாத்திரைகள் என்று வந்தன. வட்டில் இடம் போதாததால் கதையில் பாதி இவற்றில்தான். மாத்திரைக்குப் பக்கப்படி கிடையாது, அளவுகோலோடு புகைப்படம்தான்.

*

உடன்பொருள் சரி. ஒன்றே ஒன்று: '-ப்படி' சிக்கலுக்கு இன்னும் தீர்வு சொல்லவில்லை. 'தடப்படி வைக்கவும்' என்று வெறுமனே எழுதாமல், 'தடப்படியை வைக்கவும்' என்று இரண்டாம் வேற்றுமை உருபை விடாமல் போட்டால் குழப்பம் தீர்ந்தது. பன்மையில் 'தடப்படிகள்' என்றால் படிக்கட்டு எட்டிப்பார்க்கும். அங்கே 'தடப்படிக் கோப்புகள்' என்று எழுதிவிடுங்கள். கோப்புப் பெயரிலும் 'தட', 'தர' என்று சுருக்காதீர்கள். ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டையும் மாற்றி அழித்துவிட வாய்ப்பிருக்கிறது, முழுச்சொல்லே இருக்கட்டும்.