குண்டு எறிய நாற்காலி கேட்டு வந்த தம்பி

சேலம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், ஷெட் என்று ஓடுகிற தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான குண்டு எறிதல் போட்டியில் உட்கார்ந்து எறிய நாற்காலி செய்து தர முடியுமா என்று கேட்டார். சின்ன வயதில் போலியோ தாக்கி இரண்டு காலும் சூம்பியவர். மாநிலப் பதக்கம் வாங்கிவிட்டு, தேசியப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

சாதாரண நாற்காலி இல்லை அது. மெத்தையோடு சேர்த்து உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு கையால் பிடித்துக்கொள்ள நேரான கம்பி வேண்டும், அது வளையக் கூடாது. தரையோடு இழுத்துக் கட்டக் கொக்கிகள் வேண்டும். எறியும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பினால் ஃபவுல். நான் முதலில் செய்தது அவர் எறிந்த வேகத்துக்கு ஆட்டம் கண்டது. அறுத்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

அந்த இரண்டு வாரமும் வேலை முடிந்து பட்டறைக்கு வந்துவிடுவார். செல்போன் கடையில் ரிப்பேர் வேலை. விடியற்காலையில் மைதானம், பத்து மணிக்குக் கடை, இரவு ஒன்பதாகிவிடும். போட்டிக்குப் போகிற நாளெல்லாம் சம்பளம் கிடையாது. துணைக்கு வருகிறவருக்கு டிக்கெட், இந்த இரும்பை ஏற்றி இறக்கக் கூலி எல்லாம் தனி. எனக்குத் தர வேண்டியதை மூன்று தவணையாகக் கொடுத்தார். கடைசித் தவணை வேண்டாம் தம்பி என்றேன், கோபித்துக்கொண்டார்.

எங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பனை எல்லோருக்கும் தெரியும். 2016-இல் ரியோவில் நடந்த பாராலிம்பிக்கில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில், உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், அரசு 2 கோடி ரூபாய் கொடுத்தது. டோக்கியோ வெள்ளிக்குப் பிறகு 2021-இல் டிஎன்பிஎல் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் வேலையும் கிடைத்தது. கேட்டபோது மனசு நிறைந்தது. ஆனால் பேப்பர் போட்டும் கட்டட வேலைக்குப் போயும் பிழைத்த வருடங்களில்தானே அவருக்கு அந்தச் சம்பளம் ரொம்பத் தேவைப்பட்டிருக்கும்?

நாகாலாந்துக்காரர் ஹொகாட்டோ செமாவைப் பாருங்கள். ராணுவ வீரர், 2002-இல் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவர். புனேயில் ராணுவமே பயிற்சி கொடுத்தது, சம்பளமும் நிற்கவில்லை. பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024-இல் நம்ம தம்பி மாதிரியே உட்கார்ந்து குண்டை 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 40. மாதச் சம்பளம் இல்லாத ஒருவரால் அத்தனை வயது வரை காத்திருக்க முடியுமா?

தம்பி அந்த வருடம் நான்காவதாக வந்தார். இன்னும் விடவில்லை. போன மாதம்கூட வந்து கம்பியை இரண்டு இன்ச் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு போனார். போட்டி நாட்களுக்குப் பாதிச் சம்பளம் தரக் கடை முதலாளி ஒத்துக்கொண்டாராம். வண்டியைக் கிளப்பும்போதுதான் அதைச் சொன்னார்.