பொங்கலுக்கு முதல் நாள் காணாமப் போன மஞ்சள் செடி

வெண்டைக்கா அக்கா, பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா:

எங்க ஊருக்கு 2007ல பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாத்துனாங்க, நமக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தாமானுக்கு, அதான் எங்க குடியிருப்புக்கு, பின்னால காலி நிலம். எஸ்டேட்ட விட்டு வந்த பத்துப் பன்னெண்டு வீடு சேந்து ஆளுக்கொரு பாத்தி போட்டோம். தோட்டம்னா இங்க எஸ்டேட்டத்தான் நினைப்பாங்க, அதனால நாங்க மலாய்ல கெபுன்னுதான் சொல்றது.

போன போகி அன்னிக்குக் காலைல ஏழு மணி, இன்னும் சரியா விடியல. கேட் பக்கத்துல வர்றப்பவே தண்ணி சத்தம். பித்தளைப் பைப்பைத் திருகி எடுத்துட்டுப் போயிட்டான். கத்தரிப் பாத்தி முழுக்கச் சேறு. பழைய இரும்புக் கடைல அவனுக்கு என்ன கெடைச்சிருக்கும்? புதுசு வாங்க எனக்கு 28 வெள்ளி.

அது போகட்டும். பொங்கலுக்குன்னு எட்டு மாசமா வளத்த மஞ்சள், நாலு மூடு, கிழங்கோட பிடுங்கியிருக்கு. சாயாம இருக்க ஒவ்வொண்ணையும் நீல ராபியா கயித்தால குச்சியில கட்டி வச்சிருந்தேன். குச்சி மட்டும் நிக்குது.

பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கிற பையனுங்களத்தான் திட்டினேன், வாய்க்கு வந்தபடி. மறுநாள் கோயில்ல பொங்கல் வைக்கிறப்ப பாக்குறேன், ரெண்டு வரிசை தள்ளி ஒரு பானை. கழுத்துல மஞ்சக் கொத்து. தண்டுல நீல ராபியா, என் முடிச்சு. நான் ரெட்டை முடிச்சுதான் போடுவேன். பானைக்காரம்மா எங்க கெபுன்லயே பாத்தி வச்சிருக்கிறவங்க.

கேக்கல. பால் பொங்குனப்ப அவங்க கூவுனாங்க, நானும் கூவுனேன். பைப்பை எடுத்தது அவங்களா இருக்காது, அது வேற ஆளு. ரெண்டுக்கும் ஒரே திருடன்னு நினைச்சது என் தப்பு.

மண்வெட்டி, சுங்கை சிப்புட்:

அக்கா, இனி பிளாஸ்டிக் பைப் போடுங்க, இரும்புக் கடைக்காரன் சீந்த மாட்டான். எங்க தண்ணி பம்ப் திருடு போனப்ப பாலாய்ல, போலீஸ் ஸ்டேஷன்ல, ரிப்போர்ட் பண்ணப் போனேன். திருட்டுக்கு செக்‌ஷன் 379, ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், எல்லாம் இருக்கு. ஆனா பம்போட சீரியல் நம்பர் என்னன்னு கேட்டதும் முழிச்சேன். ரசீதும் இல்ல. இப்ப புது பம்ப் நம்பரைப் போட்டோ எடுத்து வச்சாச்சு. சாயங்காலமானா மோட்டார்ல கட்டி வீட்டுக்கே கொண்டு போயிடறது. மண்வெட்டிப் பிடியில எல்லாம் வீட்டு நம்பரைக் கம்பியால சுட்டு வச்சிருக்கோம்.

பப்பாளி, லூனாஸ்:

எங்களுக்குத் திருட்டு கம்மி, நாசம்தான் ஜாஸ்தி. ஒரே ராத்திரில 11 பப்பாளி மரம், இடுப்பளவுல வெட்டிப் போட்டிருந்தானுங்க. ஒரு காய் எடுக்கல. கோவத்துல ஒரு பெரியவர் வேலிக்குக் கரண்டு குடுக்கலாம்னாரு. பன்றிக்கு வச்ச கரண்டு கம்பில மனுஷன் செத்த செய்தி எத்தனை படிச்சிருக்கோம்? நாங்க விடல. ருக்குன் தெத்தாங்கா, அதான் அக்கம்பக்கத்துக் காவல் அமைப்பு, 1975ல இருந்து நாட்டுல இருக்கு, எங்க தாமான்ல போர்டு மட்டும்தான். கடைசில, கடை வாசல்ல கட்டம் போட்ட பலகைல தாம் ஆடுற பெருசுங்களோட பெஞ்சையே தூக்கிட்டு வந்து கெபுன் முன்னால போட்டோம், மேல ஒரு லைட்டு. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஆடுறாங்க. கொசு கடிக்குதுன்னு தினம் புலம்பல், ஆனா எடத்த விட்டு நகர மாட்டேங்கறாங்க.

ரெண்டு கால், தாப்பா:

ஆளைத் திட்டுறதுக்கு முன்ன காயைப் பாருங்க. பாதி கடிச்ச கத்தரிக்கா கீழ கெடந்தா குரங்கு. காம்பு கத்தி வச்ச மாதிரி இருந்தா மனுஷன். மரவள்ளி மூடு மண்ணோட கெளறிக் கெடந்தா பன்றி. ரெண்டு மாசமா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மொகம் குடுத்துப் பேசாம இருந்தேன். பன்றிலா!

வெண்டைக்கா அக்கா:

பைப் மாத்தியாச்சு தம்பி. வைகாசிலயே அந்தம்மாகிட்ட நாலு விதைக்கிழங்கு குடுத்தேன், உங்க பாத்தியிலயும் ஊனுங்கன்னு. வாங்கிக்கிட்டாங்க, என் மூஞ்சியப் பாக்கல. என் செடிக்கு இந்தத் தடவ செவப்புக் கயிறு கட்டியிருக்கேன்.